டிக்கியில் ஓட்டை வேண்டாம்

டிக்கி மூடியில் ஸ்பாய்லர் வைக்கக் கேட்டு வருகிறவர்களிடம் டேப் போட்டு ஒட்டலாம் என்றால் நம்பிக்கை வராது. "என்ன அண்ணாச்சி, காத்துல பிச்சுக்கிட்டுப் போயிறாதா? ரெண்டு போல்ட்டும் சேத்துப் போட்டுருங்களேன்" என்பார்கள். எங்கள் ஆலங்குளத்தில் மட்டுமில்லை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். போல்ட் என்றால் உறுதி, டேப் என்றால் ஒப்பேற்றல் என்று மனசில் பதிந்துவிட்டது. எனக்கு அது நேர் எதிர். இந்த ஒரு வேலைக்கு டேப்தான் முறையான இணைப்பு, டிரில்தான் ஒப்பேற்றல்.

காரணம் தகட்டில் இருக்கிறது. டிக்கி மூடியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆலையில் காரின் கூடு முழுவதையும் பிரைமர் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சித்தான் முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உள்மடிப்புவரை அந்தப் பூச்சு போய்ச் சேர அதுதான் வழி. அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட். டிரில் இத்தனையையும் ஒரே நொடியில் கிழித்துக்கொண்டு போய்விடும். ஓட்டையின் ஓரம் பச்சை இரும்பாக நிற்கும், சீவிய இரும்புத்தூள் உள்மடிப்பில் விழுந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாஷரைச் சுற்றித் தண்ணீர் கசியும். அடுத்த வருஷம் அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளம் கிளம்பும். எந்தக் காரையும் பாருங்கள், ஆலையிலிருந்து வரும்போதே அதன் சின்னமும், மாடல் பெயர் எழுத்துகளும், கதவோரப் பட்டைகளும் பெரும்பாலும் டேப்பில்தான் நிற்கின்றன. பல வருஷ வெயிலும் மழையும் தாங்கி நிற்கின்றன.

காற்று பிய்த்துக்கொண்டு போகுமா என்ற கேள்விக்கு நான் கணக்குப் போட்டே காட்டுவேன். நம் பக்கம் அதிகம் ஓடுவது லிப் ஸ்பாய்லர். டிக்கி மூடியின் விளிம்பில் உதடு போல ஒட்டிக்கொண்டு நிற்குமே, அது. நீளம் 110 சென்டிமீட்டர், உயரம் 4 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முழுக்க நேராக மோதினாலும் அந்தப் பரப்பில் விழும் விசை சுமார் இரண்டு கிலோ எடைக்குச் சமம். வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். 12 மில்லிமீட்டர் அகல டேப்பை மேல்வரிசை, கீழ்வரிசை என்று இரண்டு ஓட்டம் விட்டால் 264 சதுர சென்டிமீட்டர் பிடிமானம் கிடைக்கிறது. நிலையான பாரத்துக்கு, ஒரு கிலோவுக்கு 55 சதுர சென்டிமீட்டர் டேப் வேண்டும் என்பது இந்த வகை டேப்புக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. அந்தக் கணக்கிலேயே தாராளமான மிச்சம் இருக்கிறது. காற்றின் விசையில் ஒரு பகுதி கீழ்நோக்கி அழுத்துவதாகவும் இருக்கும்.

ஆக, காற்று எதிரி இல்லை. வெயில்தான் எதிரி, அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

மார்கழி விடியலில் 20 டிகிரியில் கிடக்கும் டிக்கி, நண்பகல் வெயிலில் நின்றால் 65 டிகிரிக்குப் போகும். கறுப்பு வண்டி என்றால் அதையும் தாண்டும். இந்த 45 டிகிரி ஏற்றத்தில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்த 110 சென்டிமீட்டர் ஸ்பாய்லர் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் இரும்புத் தகடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பொருள், ஒன்று ஓடுகிறது, மற்றது நிற்கிறது. நடுவைப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் இழுபறி. தினமும் பகலில் ஒரு திசை, இரவில் எதிர்த் திசை. போல்ட் போட்டிருந்தால் பிளாஸ்டிக் அந்த ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டுத்தான் தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும்.

நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் இந்த இழுபறியைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. தன் கனத்தைப் போல மூன்று மடங்குவரை பக்கவாட்டில் சாய்ந்து கொடுத்துத் திரும்ப நிமிரும். 1.1 மில்லிமீட்டர் கனமுள்ள டேப் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சாயும். நமக்குத் தேவை ஒன்றேமுக்கால். 0.4 மில்லிமீட்டர் டேப் எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் முனைகளில் கைவிட்டுவிடும். கடையில் டேப் வாங்கும்போது அகலத்தை மட்டும் சொல்லி வாங்குகிறவர்கள்தான் அதிகம். கனத்தையும் கேளுங்கள்.

வெள்ளை ஸ்பாஞ்சு வைத்த டபுள் சைடு டேப், சுவரில் காலண்டர் மாட்ட எல்லாக் கடையிலும் தொங்குமே, அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அதில் நடுவில் ஸ்பாஞ்சு, இரண்டு பக்கமும் மெல்லிய பசைப்பூச்சு. வெயிலில் பசை இளகும், ஸ்பாஞ்சு நாளடைவில் பொடியும். அக்ரிலிக் ஃபோம் டேப்பில் நடுப்பகுதியும் பசையின் குணம் கொண்ட அக்ரிலிக்கே. நகத்தால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள்: மெதுவாகக் குழிந்து, மெதுவாகவே மேலே வரும். சட்டென்று துள்ளி எழும்பினால் அது வெறும் ஸ்பாஞ்சு. அக்ரிலிக் வகையில் நல்ல சரக்கு 90 டிகிரிவரை நீண்ட நாள் தாங்கும். மேல்தாள் சிவப்பாக இருந்தால் நல்ல டேப் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. சிவப்புத் தாளை யார் வேண்டுமானாலும் ஒட்டி விற்கலாம்.

ஒட்டும் நாடாவின் பிறப்பே மருத்துவத்தில்தான். 1845இல் ஹொரேஸ் டே என்ற அமெரிக்க மருத்துவர் துணிப்பட்டையில் ரப்பர் பசை பூசிப் புண்ணுக்குப் பிளாஸ்திரி செய்தார். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிற தறிச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஒட்டும் நாடாவைக் காருக்குக் கொண்டுவந்தவர் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ. அந்தக் காலத்தில் இரட்டை நிறக் கார்கள்தான் மவுசு. பெயிண்ட் அடிக்கும்போது நிறங்கள் பிரிகிற கோட்டை மறைக்கக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி, பிரிக்கும்போது அடித்த பெயிண்டும் சேர்ந்து உரிந்து, பட்டறைக்காரர்கள் திணறியதை ட்ரூ நேரில் பார்த்தார். பிரித்தால் பெயிண்ட்டைக் கெடுக்காத ஒரு நாடாவை 1925இல் செய்து கொடுத்தார். இன்றைக்கு நாம் கையில் வைத்திருக்கும் மாஸ்கிங் டேப் அதுதான். அதே நிறுவனம் 1980இல் அக்ரிலிக் ஃபோம் டேப்பைக் கொண்டுவந்தது. ஒன்று பெயிண்ட்டை விட்டு எளிதாகப் பிரிவதற்காகப் பிறந்தது, மற்றது பிரியாமலிருக்கப் பிறந்தது. என் வேலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இனி கை வேலை. இதில் முக்கால் பங்கு, டேப்பின் மேல்தாளைப் பிரிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தூசியில் சுண்ணாம்பு உண்டு. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால்தான் 1970இல் ஆலங்குளத்துக்கு அரசு சிமெண்ட் ஆலை வந்தது. மண்ணே அப்படி. இந்தத் தூசி கார் மேல் படிந்து, அதன் மேல் பனி இறங்கி, மறுபடி காய்ந்து, மறுபடி பனி இறங்கினால் பெயிண்ட் மேல் ஒரு மெல்லிய பொருக்கு கட்டிவிடும். ஷாம்பு போட்டுக் கழுவினால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் பொருக்கு போயிருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காய்கறி வாங்கி வந்த மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டுக்கொண்டு, கழுவித் துடைத்த டிக்கியின் மேல் விரல்நுனியால் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம், கவருக்குள்ளிருந்து தடவும்போது உப்புத்தாள் போல நரநரக்கும். டேப் போய் ஒட்டப்போவது அந்த நரநரப்பின் மேல்தான், பெயிண்ட்டின் மேல் இல்லை.

சுண்ணாம்பு லேசான புளிப்புக்குக் கரையும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து, நிழலில் நிற்கும் வண்டியில், டேப் வரப்போகும் இடத்தில் மட்டும் நனைத்து வைத்து, காயவிடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். தேவைப்பட்டால் அதற்கு மேல் கிளே பார் என்ற களிக்கட்டியால் ஒரு தேய்ப்பு. மறுபடி கவருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது. நரநரப்பு நிற்கும்வரை இதுதான் வேலை.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கும் மெழுகும். மாதா மாதம் வாக்ஸ் பாலிஷ் போட்டுப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் வண்டியில்தான் டேப் பிடிக்கச் சிரமப்படும். டேஷ்போர்டிலும் டயரிலும் அடிக்கிற சிலிக்கான் பாலிஷ் அதைவிட மோசம், அடித்த துணியில் ஒட்டிக்கொண்டு வண்டி முழுக்கப் பரவும். ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் மேலே மெழுகு இருக்கிறது, தண்ணீரையே ஒட்டவிடாத பரப்பு பசையையும் ஒட்டவிடாது. தண்ணீர் படலமாகப் படர வேண்டும்.

இதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. தண்ணீர் என்றால் போர் தண்ணீர் இல்லை. அதில் இருக்கும் உப்பு மறுபடி பூத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. தின்னர் வேண்டாம், பெயிண்ட்டை இளக்கிவிடும். நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, அது காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த பிசுக்கு அங்கேயே மறுபடி படியும். துணியும் முக்கியம். பனியன் வேஸ்ட் ஆகாது. சத்திரப்பட்டித் துணி புண்ணுக்கு எவ்வளவு உகந்ததோ இந்த வேலைக்கு அவ்வளவு உதவாது, நூல் விடும். துவைத்து, சாஃப்ட்னர் போடாமல் உலர்த்திய மைக்ரோஃபைபர் துணி போதும். ஆல்கஹால் தீப்பற்றும் சாமான். பீடியோ ஊதுபத்தியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

இதே கவனம் ஸ்பாய்லரின் அடிப்பக்கத்துக்கும் வேண்டும். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் பெயரைச் சின்ன எழுத்தில் பொறித்திருப்பார்கள். ஏ.பி.எஸ். என்றால் கவலை இல்லை. பி.பி. என்றால் அது பாலிபுரோப்பிலீன், எதையும் எளிதில் ஒட்டவிடாது. அதற்கென்று விற்கும் ஒட்டு பிரைமரை மெல்லிசாகத் தடவி, காய்ந்த பிறகே டேப். ஃபைபரில் செய்தது என்றால் அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய மெழுகு அடியில் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதை எடுத்தாக வேண்டும். டிங்கரிங் பார்த்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்த டிக்கியில் உடனே ஒட்டவே கூடாது. அடியிலிருந்து பெயிண்ட் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். சில வாரம் பொறுத்து வரச் சொல்லிவிடுவேன்.

காலமும் நேரமும் உண்டு. பரப்பு 21 டிகிரிக்கும் 38 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் பசை சரியாகப் படியும். சித்திரை நண்பகலில் துடைத்த ஆல்கஹால் ஒற்றுவதற்குள் பறந்துவிடும், டேப்பும் தொட்ட இடத்தில் கவ்விக்கொண்டு நகர்த்தவிடாது. மார்கழிக் காலையில் தகட்டின் மேல் பனி ஈரம் நிற்கும். அப்போது வெயில் ஏறும்வரை காத்திருக்கலாம், அல்லது ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றலாம். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் வீடாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வாசலில் தண்ணீர் தெளித்துவிடச் சொல்வேன். வேப்பமரத்து நிழல் குளுமைதான், ஆனால் பூவும் பிசினும் உதிரும், போர்டிகோவே மேல்.

டேப் ஒட்டும் முன் ஸ்பாய்லரை வெறுமனே வைத்துப் பார்த்து, டிக்கி மூடியின் நடுவையும் ஸ்பாய்லரின் நடுவையும் அளந்து, மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கார் கம்பெனிச் சின்னத்தை நடுவென்று நம்ப வேண்டாம், இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து பாருங்கள். மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பதும், பின்கண்ணாடியின் மேலோ டிக்கியிலோ இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை மறைக்கிறதா என்று பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பதும் இப்போதே. மறைத்தால் அந்த ஸ்பாய்லர் அந்த வண்டிக்கு இல்லை. அழகுக்காக ஒரு பாதுகாப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அழகுக்காக என்று சொன்னது உண்மைதான். பந்தயத்தில் ஸ்பாய்லருக்கு வேலை இருக்கிறது. 1972இல் போர்ஷே தன் 911 கரேரா ஆர்.எஸ். 2.7 காரின் பின்னால் வாத்துவால் போலத் தூக்கிவிட்டது, வேகத்தில் பின்சக்கரம் லேசாகிவிடாமல் தரையில் அழுத்திப் பிடிக்கத்தான். ராஜபாளையம் சாலையில் 60இல் போகும் வண்டிக்கு அந்தப் பலன் கிடையாது. ஆனாலும் வண்டியின் பின்கோடு அந்த உதட்டில் வந்து முடியும்போது கண்ணுக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது. அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

டேப்பை முதலில் ஸ்பாய்லரில் ஒட்டுவேன். விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, இழுக்காமல் படுக்கவைத்து. இழுத்து ஒட்டிய டேப் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பு முனையில் போய்த்தான் பிரியும். மேல்வரிசை இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டம். கீழ்வரிசையில் தண்ணீர் வடிய ஒரு சின்ன இடைவெளி விடுவேன். முனைகளைச் சதுரமாக விடாமல் கத்தரியால் வட்டமாக நறுக்குவேன். கூர்மையான மூலை இருந்தால் உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு மேல்தாளின் முனையை இரண்டு அங்குலம் மட்டும் பிரித்து, வெளிப்பக்கம் வால் போல மடித்துவிட்டு, அந்த வால்களை மாஸ்கிங் டேப்பால் பிடித்துக்கொள்வது. ஸ்பாய்லரைக் கோட்டில் உட்காரவைத்து, திருப்தியான பிறகு ஒவ்வொரு வாலாக, தகட்டோடு படிந்த கோணத்தில் மெதுவாக இழுக்கும்போது தாள் உள்ளேயிருந்து உருவிக்கொண்டு வரும். இந்த ஒரு நிமிஷத்தில் நான் யாரோடும் பேசுவதில்லை.

அழுத்துவது தனி வேலை. வேண்டியது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். 264 சதுர சென்டிமீட்டரையும் ஒரே நேரத்தில் அழுத்த மூன்று நான்கு ஆள் ஏறி நிற்க வேண்டும். அதனால் கட்டைவிரல் அகலம் அகலமாகத்தான் போக வேண்டும். ஒரு விரல்பதிவு நான்கைந்து சதுர சென்டிமீட்டர் என்றால் ஐந்து கிலோ பாரம் அந்த விரலில் இறங்க வேண்டும். வீட்டுத் தராசு மேல் ஒருமுறை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள், ஐந்து கிலோ எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும், ஒரு இடத்தைக்கூட விடாமல், சில நொடி நிறுத்தி நிறுத்தி. பிறகு ரப்பர் உருளை. கடைசியில் குறுக்கே மாஸ்கிங் டேப் பட்டைகள் போட்டு, ஒரு நாள் அப்படியே விடுவது.

ஏன் நாள் கணக்கு என்று பையன்கள் கேட்பார்கள். இந்தப் பசை காய்ந்து இறுகுகிற ரகம் இல்லை, தம்பி, என்பேன். அது கெட்டியும் இல்லாமல் நீராகவும் இல்லாமல் இருக்கும் ஒரு பொருள். பெயிண்ட்டின் மேல் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் மெதுவாக இறங்கிப் படிகிறது. அறை வெப்பத்தில் இருபது நிமிஷத்தில் பாதிப் பிடி, 24 மணி நேரத்தில் தொண்ணூறு சதவீதம், முழுப் பிடிக்கு 72 மணி நேரம். ஒட்டிய சாயங்காலமே திருமங்கலம் சாலையில் 100இல் விரட்டிப் பார்த்துவிட்டு, வாட்டர் சர்வீஸில் தண்ணீரைப் பீய்ச்சவும் விட்டால், பாதிப் பிடியில் நிற்பதைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் அது. மூன்று நாள் கழித்துக் கழுவலாம். அப்போதும் பீய்ச்சும் குழாயை ஸ்பாய்லரின் ஓரத்துக்கு நேராகக் காட்டாமல் இரண்டடி தள்ளிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

வேறு எங்கோ ஒட்டிக் கழன்றுபோன ஸ்பாய்லரை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நான் முதலில் பார்ப்பது டேப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. டேப் முழுக்க ஸ்பாய்லரோடு வந்து பெயிண்ட் துடைத்தாற்போல் இருந்தால், வண்டியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை, அல்லது அழுத்தவில்லை. பசையின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு என்று அடையாளம் தெரிந்துவிடும். டேப் வண்டியிலேயே நின்று ஸ்பாய்லர் மட்டும் வந்திருந்தால், பிளாஸ்டிக் பி.பி. ரகம், அல்லது அச்சு மெழுகு போகவில்லை. டேப்பின் ஃபோம் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் பாதிப் பாதி ஒட்டியிருந்தால் அந்த டேப் தன் கடமையைக் கடைசிவரை செய்திருக்கிறது. யாரோ டிக்கியை மூடுவதற்கு ஸ்பாய்லரைக் கைப்பிடியாகப் பிடித்து அறைந்திருப்பார்கள். கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். முனைகள் மட்டும் கிளம்பி நடுப்பகுதி கெட்டியாக இருந்தால் டேப்பின் கனம் போதவில்லை, அல்லது ஸ்பாய்லரின் வளைவு அந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத வளைவை டேப்பின் பலத்தால் அமுக்கி வைக்க முடியாது. டேப் இழுப்பைத் தாங்கும், ஓயாமல் உரிப்பதைத் தாங்காது.

கழற்ற வேண்டி வந்தால் அதற்கும் வழி சுலபம். ஹேர் டிரையரால் ஸ்பாய்லரின் ஓரத்தை நன்றாகச் சூடேற்றி, தூண்டில் நரம்பை ஒரு முனையில் நுழைத்து, இரண்டு கையாலும் ரம்பம் போல இழுத்துக்கொண்டே போனால் ஃபோம் நடுவில் அறுபடும். வண்டியில் தங்கும் மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் சுருண்டு வரும். கத்தியோ பிளேடோ வேண்டாம். பிசுக்குக்கு அதே ஆல்கஹால் துணி, பிறகு ஒரு கை பாலிஷ். இரண்டு மூன்று கோடை ஸ்பாய்லரோடு ஓடிய வண்டி என்றால் மூடியிருந்த இடத்தில் பெயிண்ட் சற்று அழுத்தமாகத் தெரியும், சுற்றிலும் வெயிலில் வெளுத்திருக்கும். சிவப்பு வண்டியில் கூடுதலாகத் தெரியும், வெள்ளையில் தேடினால்தான் தெரியும். வண்டியை விற்கிற யோசனை இருந்தால் அதை வாங்க வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.